ஈட்டிக்காரி திரும்பிப் பார்க்கிறாள்

அலுவலகத்தில் அவளுக்கு உடும்பு என்று பெயர். ஒரு குறை கண்ணில் பட்டுவிட்டால் பிடித்த பிடியை விடமாட்டாள். வீடியோ கேம் கடைக்குப் போகும் முன் விளையாடிப் பார்த்து நிறை குறை எழுதிக் கொடுப்பது அவள் வேலை. விளையாடுவதற்குச் சம்பளமா என்று வயிறு எரிகிறவர்கள் ஒரு வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்.

இந்த முறை வந்திருந்தது ஆயுதச் சண்டை. வாள், கோடரி, சங்கிலி, ஈட்டி என்று ஆளுக்கொன்று. வெள்ளோட்டமாகக் கொஞ்சம் பேருக்கு விளையாடக் கொடுத்தும் இருந்தார்கள். நிறைகளை அவள் மளமளவென்று எழுதிவிட்டாள். கோடரியை ஓங்கினால் விளையாடுகிறவனுக்கே தோள் வலிப்பது போல அப்படி ஒரு கனம். தோற்றவனுக்கு எதனால் தோற்றோம் என்று புரிகிறது, அது சாதாரண விஷயமில்லை. குறைகளும் எழுதினாள். சுவர் ஓரம் போனால் கேமரா தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. சங்கிலிக்காரன் கிட்டவே வராமல் எட்ட நின்று உயிரை வாங்குகிறான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று இருந்தது. அதை மட்டும் அவள் எழுதவில்லை.

ஈட்டிக்காரி நீளமாக ஒரு குத்து குத்துவாள். குத்திய ஈட்டி திரும்பி வருவதற்குள் முகத்தை இடது பக்கம் திருப்பி, சற்றே கீழே பார்ப்பாள். கண் இமைக்கும் நேரம்தான். வாள்காரனுக்கு அது போதும்.

ஈட்டிக்காரியின் முகம் யாரோ வரைந்தது. உடம்பு, குறை எழுதுகிற இவளுடைய அக்காவுடையது. அக்கா சினிமாச் சண்டைகளில் டூப் போடுகிறவள். உடம்பெல்லாம் வெள்ளை மணிகள் ஒட்டிய கறுப்பு உடையில், சுற்றிலும் கேமரா வைத்த கூடத்தில் அவள் ஈட்டி வீசினாள். அந்த அசைவுகளைத்தான் அப்படியே எடுத்து ஈட்டிக்காரிக்குக் கொடுத்தார்கள். குத்தும்போது வரும் சத்தமும் அக்காவின் தொண்டைதான். மகளை விட்டுவிட்டு வர அன்று ஆள் கிடைக்கவில்லை. குட்டி கூடத்தின் இடது மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு குத்துக்கும் பிறகு அக்கா, பிள்ளை இருக்கிறாளா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். பதிவைச் சுத்தம் செய்தவன், பார்க்க உயிரோட்டமாக இருக்கிறதே என்று அதை வெட்டாமல் விட்டுவிட்டான். சில மாதம் கழித்துக் காய்ச்சல் என்று படுத்த அக்கா எழுந்திருக்கவே இல்லை. குட்டி இப்போது சித்தியோடுதான் இருக்கிறாள்.

இந்த விளையாட்டு கைக்கு வந்ததிலிருந்து சித்திக்கு வேலை வேலையாக இல்லை. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது, குத்துக்கு முன் மூச்சிழுத்துத் தோள் உயரும் விதத்தில் அக்கா நின்றாள். அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிடுவாள். வீட்டுக்குப் போனாலும் தப்பிக்க வழியில்லை. மாடி வீட்டுப் பையனும் வெள்ளோட்டத்தில் இருந்தான். கூரை வழியாக அக்காவின் சத்தம் வரும், பின்னாலேயே பொத்தென்று விழும் சத்தம். ஒருநாள் பேருந்தில் ஒருவன் நண்பனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"குத்திட்டு அந்தப் பக்கம் திரும்புவா பாரு. அப்பக் கழுத்துல போடு. அவ்வளவுதான்."

இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனது கூட அவளுக்குத் தெரியவில்லை.

ஆயுதங்களின் பலத்தைச் சரிக்குச் சரியாக்கும் அதிகாரிக்குத் தராசு என்று பெயர். அவர் வந்து நின்றார்.

"ஈட்டிக்காரி எல்லார்கிட்டயும் தோக்குறா. உங்க குறிப்புல அவளப் பத்தி ஒரு வரி இல்ல. உடும்புக்குப் பிடி தளந்துடுச்சா?"

"பாத்துட்டேன் சார். அவகிட்ட ஒண்ணும் இல்ல. ஆடுறவங்களுக்குப் பழகல, அவ்வளவுதான்."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார்.

"நீங்க இல்லன்னு சொன்னா இல்லதான். வெள்ளிக்கிழமை திருத்துற வேலைய மூடிடுவோம். அதுக்கப்புறம் கைவைக்க முடியாது."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் சொன்ன முதல் பொய் அது. குட்டிக்காகச் சொன்னோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குட்டி உட்காருவது, சித்தி வேலைக்காக வீட்டில் வைத்திருந்த அந்த விளையாட்டின் முன்தான். வாள்காரனை எடுத்துக்கொண்டு, ஈட்டிக்காரியை மெஷினிடம் விட்டுவிடுவாள். வெட்டவே மாட்டாள். குத்துக்கு விலகி, இடது பக்கமாகப் போய் நிற்பாள். அம்மா திரும்பிப் பார்ப்பாள். மறுபடி குத்து, மறுபடி பார்வை. பொழுது சாயும்வரை இதேதான். பெற்றவள் முகம் பார்க்க ஏங்குகிறது பிள்ளை என்று சித்தி அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

பொய் சொன்ன அன்று வீட்டுக்கு வந்ததும் குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குட்டி, அம்மா எப்பவும் இப்படி உன்னத் திரும்பிப் பாத்துக்கிட்டே இருப்பா. அத யாரும் எடுக்க மாட்டாங்க. சித்தி பாத்துக்கிட்டேன்."

குட்டியின் கை நின்றது.

"எடுக்க முடியுமா சித்தி?"

"முடியும். ஆனா நான் எடுக்க விடல."

"ஏன் விடல?" என்றாள் குட்டி. "என்னப் பாக்கப்போயிதான அம்மா அடி வாங்குறாங்க. மாடி அண்ணன் வெட்டுறாங்க. என் கிளாஸ்லகூட ஒருத்தன் வெட்டுறான். நான் மட்டும்தான் வெட்டாம நிக்கிறேன். நான் ஆடுற நேரமாவது அம்மா சாகாம இருப்பாங்கல்ல."

குட்டி திரையைக் காட்டினாள்.

"பாக்க வேணாம்னு சொல்லு சித்தி. நான் ஒழுங்கா உக்காந்திருக்கேன்னு சொல்லு."

அவள் குட்டியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிள்ளைக்காக என்று சொல்லிக்கொண்டு அந்தப் பார்வையைப் பொத்திப் பொத்தி வைத்தது தனக்காகத்தான் என்பது அப்போது உறைத்தது. இந்தப் பிஞ்சு தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து தன் அம்மாவுக்குக் காவல் இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது அவளுக்கு.

மறுநாள் அந்தப் பார்வையை வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை திருத்திய ஈட்டிக்காரி வந்தாள். சரிபார்ப்பதும் உடும்பின் வேலைதான். வாள்காரனை எடுத்துக்கொண்டு எதிரே போனாள். அக்கா குத்தினாள். நேராகவே பார்த்தாள். வாளை ஓங்கினால் ஈட்டி வந்து தடுத்தது. எந்தப் பக்கமிருந்து போனாலும் அக்காவை நெருங்க முடியவில்லை.

"இப்ப சரியா இருக்கா?" என்றார் தராசு, பின்னாலிருந்து.

"சரியா இருக்கு சார். இன்னொரு தடவ மட்டும் பாத்துடுறேன்."

அவர் போனதும், திரும்பமாட்டாள் என்று தெரிந்தே, அக்காவின் இடது பக்கமாகப் போய் நின்றாள்.