நெடுங்கரையார் படங்கள்

பராசரனுக்கு எந்தக் காரியத்தையும் அரைகுறையாகக் கெடுக்கத் தெரியாது. எடுத்தால் முழுசாகத்தான் கெடுப்பான்.

பகலில் காக்களூரில் போல்ட்டு, நட்டு செய்யும் ஒரு பட்டறையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. சாயங்காலம் திருவள்ளூர் தேரடிப் பக்கம் டைப்பிங் வகுப்பு. அங்கே அடுத்த மிஷினில் உட்கார்ந்தவள் வைஜயந்தி. எட்டு மாதம் யோசித்து, தப்பாகிவிடுமோ என்று இன்னும் ஒரு மாதம் யோசித்து, அவளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுவதாக ஒருவழியாகச் சொன்னான். அவள் டைப் அடிப்பதை நிறுத்தாமலே, "எனக்குச் சம்மதம். அப்பாகிட்ட நீங்கதான் பேசணும்" என்றாள்.

சிக்கலே அந்த அப்பாதான். ராமானுஜம் கோயிலில் தீர்த்தம் கொடுப்பவர். யாராவது எதிரே வந்து நின்றால் பேரைக் கேட்குமுன் வம்சத்தைக் கேட்பார். பராசரனின் அப்பா ஆராவமுதனோ அதே கோயிலின் மடைப்பள்ளியில் புளியோதரை கிண்டுகிறவர். தட்டில் விழுந்ததைப் பாராட்டுகிறவர்கள், கிண்டியவரின் வம்சத்தைக் கேட்பதில்லை.

ஒரே ஒரு அதிர்ஷ்டம், இரண்டு வீட்டுக்கும் குடும்பப் பெயர் நெடுங்கரை. கோத்திரம் மட்டும் வேறு, அதனால் கல்யாணத்துக்குத் தடையில்லை. அந்தப் பெயரில் பெரிய மனிதர்களைத் தேடிப் பிடித்துப் படமாக மாட்டிவிட்டால், ராமானுஜம் தன்னை ஏறிட்டாவது பார்ப்பார் என்று பராசரன் கணக்குப் போட்டான். அந்த வருஷம், எழுபத்தொன்றில், வகுப்பு நடத்தும் ஜெயராஜ் சார் ஆண்டு விழாவில் மாணவர்கள் கண்காட்சி வைக்கலாம் என்றதும், தெய்வமே வழிகாட்டியதாக நினைத்துக்கொண்டான். தெய்வத்துக்கு அதில் சம்பந்தம் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளைக் குடைந்தான். ஏதோ ஒரு சமஸ்தானத்தின் திவான் நெடுங்கரை ஸ்ரீநிவாசாச்சாரியார், ஜரிகைத் தலைப்பாகையும் முறைப்புமாகக் கிடைத்தார். வெள்ளைக்காரன் ஒருவன் பென்சிலால் வரைந்த நெடுங்கரைப் பண்டிதர் ஒருவர் கிடைத்தார். ரயில் பாலம் திறந்த போட்டோவில் இடமிருந்து மூன்றாவதாக ஒரு நெடுங்கரை என்ஜினியர் நின்றார். பாலத்தின் கம்பி முகத்தை மறைத்தது. பராசரன் அவரையும் விடவில்லை.

பட்டறையில் கூட வேலை பார்க்கும் அருணகிரி பழவேற்காட்டுக்காரன். அட்டையில் படங்களை ஒட்டிச் சிவப்பு நூலால் இணைப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா இது, வலை பின்னிக்கினு கீறியா?" என்றான்.

"எல்லாரும் ஒரே வம்சம்."

"ஒரே பேரு இருந்தா ஒரே ஊடா? எங்க குப்பத்துல ஒரு தெரு பூரா ஒரே பேருதான். ஒருத்தன் ஊட்ல ஒருத்தன் தண்ணி குடிக்க மாட்டான்."

பராசரன் கேட்கவில்லை. அவனை உறுத்தியது வேறு. ஒரே வம்சமானால் ராமானுஜம் வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் கோத்திரம் ஏன் வேறாக இருக்கிறது? பார்க்கிறவர்கள் கேட்பார்களே. ஒழுங்கான ஆள் ஆயிற்றே, ஓட்டையை அடைக்காமல் விடுவானா? இரண்டு கிளையும் பிரியும் இடத்தில் அழகான எழுத்தில் எழுதினான்: 'இங்கே ஒரு பிள்ளை சுவீகாரம் போயிருக்கலாம்.' ஒரு கிளையின் நுனியில் ராமானுஜத்தின் பெயர். இன்னொன்றின் நுனியில் கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த தன் போட்டோ.

விழாவன்று ராமானுஜம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாக நகர்ந்தார். திவானிடம் வெகுநேரம் நின்றார். பிறகு பராசரனின் தோளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"இத்தனை நாள் எங்கேடாப்பா இருந்தே?"

"காக்களூர்ல, மாமா."

"மாமா என்னடா மாமா? சுவீகாரம் போனா பிறந்த வம்சம் விட்டுப்போயிடுமா? நீயும் நானும் பங்காளி. பெரியப்பான்னு கூப்பிடு." திரும்பி மகளைக் கூப்பிட்டார். "வைஜயந்தி, இங்கே வா. இவன் உனக்கு அண்ணா முறை ஆகணும்."

சுவீகாரமாக, அதாவது தத்தாகப் போனவன் வழியில், பிறந்த குலத்திலும் பெண் எடுக்கக் கூடாது. பராசரனுக்கும் அது தெரியும். மடைப்பள்ளிக்காரர் பிள்ளைக்கும் அவ்வளவு சாஸ்திரம் தெரியும். எழுதும்போதுதான் தெரியாமல் போயிற்று. பெண் எடுக்க வந்தவன், தன் கையெழுத்தில் தன்னையே அவளுக்குச் சகோதரனாக்கிக் கொண்டிருந்தான்.

மறுநாள் வகுப்பில் வைஜயந்தி, "அண்ணா, அந்த ரப்பரைக் கொஞ்சம் கொடுக்கறேளா?" என்றாள்.

"அப்படிக் கூப்பிடாதே."

"எழுதினது நீங்கதானே. எனக்கு ஒரு அண்ணா போதும், ஆத்துல இருக்கான். வர்ற தை மாசத்துக்குள்ள காஞ்சிபுரத்து வரனை முடிக்கப்போறாராம் அப்பா. நீங்களும் வந்து பந்தி பரிமாறுங்கோ." கண் மட்டும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பராசரன் அவர்கள் வீட்டுக்குப் போனான். வழியெல்லாம் ஆறு காரணங்களை வரிசைப்படுத்திக்கொண்டு போனவனுக்கு, வாசற்படியில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

"மாமா..."

"பெரியப்பா" என்றார் ராமானுஜம். "அமாவாசைக்குக் கோயிலுக்கு வந்தவா எல்லார்கிட்டயும் திவானைப் பத்திச் சொல்லியாச்சு. அந்தப் படத்துக்குக் கண்ணாடி போடணும்."

"அந்த சுவீகாரம் நானா எழுதினது. ஆதாரமே கிடையாது. நூலை முடிச்சுப் போட ஒரு இடம் வேண்டியிருந்தது."

ராமானுஜத்தின் முகம் சுருங்கியது. "அப்போ திவான்?"

உண்மை என்னவென்றால், திவான் யாருக்கு என்ன உறவு என்று பராசரனுக்குத் தெரியாது. அதைச் சொன்னால் பெரியவர் ஒடிந்துபோவார் என்று மட்டும் தெரிந்தது. "அவர் உங்காத்து மனுஷரா இருக்கலாம், மாமா. எங்களுக்கு உறவா இருக்க முடியாது."

"அதெப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றே?"

"எங்காத்துல ஒரு திவான் இருந்திருந்தா, எங்கப்பா தினம் ரெண்டு வேளை அதைச் சொல்லியே என்னைத் திட்டியிருப்பார். எங்க தாத்தா, அவர் அப்பா, எல்லாரும் அடுப்படிதான்."

"அப்போ நீ எனக்கு ஒண்ணும் உறவில்லை?"

"ஒண்ணுமே இல்லை, மாமா." இவ்வளவு சந்தோஷமாகத் தன்னை யாருமில்லாதவன் என்று சொல்லிக்கொண்டவன் திருவள்ளூரில் வேறு எவனும் இருந்திருக்க மாட்டான். அந்த வேகத்திலேயே, தாமதித்தால் யோசனை வந்துவிடும் என்ற பயத்தில், வைஜயந்தியைக் கேட்டும் விட்டான்.

ராமானுஜம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "திவான் வம்சத்துப் பொண்ணு. மடைப்பள்ளி ஆராவமுதன் பிள்ளை கேட்கறே."

உள்ளேயிருந்து வைஜயந்தியின் குரல் வந்தது. "அப்பா, போன வாரம் வரைக்கும் நமக்குத் திவான் கிடையாது. இவர் அப்பவே கேட்கறதா இருந்தார். எனக்கும் இவர்தான் இஷ்டம். காஞ்சிபுரத்துக்கு வேண்டாம்னு எழுதிடுங்கோ."

ராமானுஜம் மகள் நிற்கும் கதவைப் பார்த்தார், இவனைப் பார்த்தார்.

"வர்ற வெள்ளிக்கிழமை உங்கப்பாவை அழைச்சுண்டு வா" என்றார் கடைசியில். "வேற படம் எதுவும் எடுத்துண்டு வராதே."