அம்பு ஒட்டிய பனியன்

அருள்புரத்துப் பனியன் கம்பெனி ஒன்றுக்கு 1993இல் ஃபின்லாந்திலிருந்து முதல் ஆர்டர் வந்தது. குழந்தைகள் பனியன். கூடப் போகும் லேபிளும் அளவுத்தாளும் அவர்கள் மொழியில் வேண்டுமாம். அந்த வேலை செல்லத்தாய் தலையில் விழுந்தது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து எட்டு வருடம் செக்கிங் மேசையில் நின்றவள், பாவம். ஆபீஸ் நாற்காலி கிடைத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"இதை முடிச்சுக் குடுத்தா அந்தச் சீட்டு உனக்குத்தான் அம்மிணி. இல்லீன்னா பழையபடி செக்கிங்தான்" என்று முதலாளி ஆறுமுகசாமி ஓர் ஆங்கில-ஃபின்னிஷ் அகராதியைக் கொடுத்தார்.

ரிப் என்ற ஒரு சொல்லுக்கு எதிரே நான்கு ஃபின்னிஷ் சொற்கள். ஆங்கிலத்தில் அது விலா எலும்பும்தான், கழுத்தில் வைத்துத் தைக்கிற துணியும்தான். நான்கில் எது எலும்பு, எது துணி? பாடிக்கும் டேப்புக்கும் இதே கதை.

"மொதல்ல இருக்கறதை எழுதிப்போடு."

"அது எலும்பா இருந்தா, பிள்ளை கழுத்துல எலும்புன்னுல்ல படிப்பாக சார்?"

மறுநாள் ஒரு பனியனை விரித்தாள். செக்கிங்கில் பழுதைக் காட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரை இருபத்தாறு இடத்தில் ஒட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: ஆங்கிலச் சொல், கீழே வெற்றுக் கோடு. ஃபின்லாந்துக்காரர்களே பார்த்து நிரப்பட்டும் என்று பேக்கிங்கில் வைத்துவிட்டுக் கூரியர் கவர் எடுக்கப் போனாள். திரும்பினால் பனியன் இல்லை. பேக்கிங் பார்க்கிற தவசிதான் அங்கே நின்றார்.

"தவசி அண்ணாச்சி, இங்கன வச்ச பனியன் எங்க?"

"அதுவா? இருபத்தாறு டேமேஜு! என் சர்வீஸ்ல இப்படியொரு பீஸைப் பார்த்ததில்ல தாயி. ரிஜெக்ட் மூட்டையில தள்ளிட்டேன். தச்சவன் எவன்?"

மூட்டை கழிவு வியாபாரியின் டெம்போவில் ஏறிவிட்டிருந்தது. இருவரும் கேட்டுக்கு ஓடினார்கள். ரோட்டிலேயே மூட்டையைப் பிரித்துக் கொட்டினார்கள். ஒன்பது அம்புகள் உதிர்ந்திருந்தன. கூரியர்க்காரன் ஹாரன் அடிக்க அடிக்க, செல்லத்தாய் நின்றபடியே அவற்றைச் சரியான இடத்தில் ஒட்டி அனுப்பினாள்.

பதினாறாம் நாள் பனியன் திரும்பி வந்தது. ஒவ்வொரு கோட்டிலும் யாரோ ஒரு பெண்ணின் உருண்டைக் கையெழுத்து. ஒரு சீட்டில் மட்டும், 'இதற்கு எங்களிடம் ஒரே சொல் கிடையாது, இரண்டாக எழுதியிருக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் குறிப்பு.

ஆறுமுகசாமி பனியனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ஏனம்மிணி, செக்கிங்குக்கு வேற ஆளு பாக்கச் சொல்லீறட்டுமா?"

"சொல்லிருங்க சார்" என்றாள் செல்லத்தாய், நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டு.