என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாக எழுதவும்

1

இந்தக் கதை ஒரு படிவத்தின் கட்டத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மழையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனத்தில் ஊறியது என்றெல்லாம் கதை விட மாட்டேன். கட்டத்தின் தலையில் மூன்று கேள்விகள் இருந்தன: என்ன நடந்தது? ஏன் நடந்தது? இனி நடக்காமலிருக்க என்ன செய்தீர்கள்? பதில் எழுத ஆயிரம் எழுத்துகளுக்கு இடம். எழுதுகிறவனிடம் இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை.

கேட்டவர்கள், குப்பை மின்னஞ்சல் அனுப்பும் சர்வர்களைக் கறுப்புப் பட்டியலில் போடுகிறவர்கள். நேற்று, செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் ஆபீஸ் சர்வரையும் அதில் போட்டுவிட்டார்கள். பட்டியலில் ஏறிய சர்வரின் அஞ்சல் போய்ச் சேராது, சேர்ந்தாலும் குப்பைப் பெட்டியில்தான் விழும்.

2

நாங்கள் லிஃப்ட் பராமரிக்கிற ஆபீஸ். மொத்தம் பதினொரு பேர். லிஃப்டைச் சோதித்து முடித்ததும் சான்றிதழ் மின்னஞ்சலில் போகும். அது போய்ச் சேர்ந்தால்தான் கட்டடக்காரர்கள் லிஃப்டை ஓட விடுவார்கள், இல்லாவிட்டால் ஆறு மாடியும் படிதான்.

அந்த மின்னஞ்சலுக்குப் பொறுப்பு என் அக்கா. சர்வருக்கு ஆபீஸில் மாப்பிள்ளை என்று பெயர். ஏசி அறை, தனி மின் இணைப்பு, பக்கத்தில் யாரும் சத்தம் போடக் கூடாது, கோபித்துக்கொண்டால் வீடே கலங்கும். பெயர் பொருத்தம்தானே?

(இந்த உவமையை அக்கா அடித்துவிடச் சொன்னாள். அடிக்கவில்லை.)

அக்கா தினமும் வந்ததும் கைப்பையைக்கூட இறக்காமல் பட்டியல்களைப் பார்ப்பாள். மாப்பிள்ளை பெயர் எதிலும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவாள். ஏழு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை மட்டும் நின்றுகொண்டே இருந்தாள்.

முதலாளி சத்தம் போடவில்லை. வியாழக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் மாப்பிள்ளையை அணைத்துவிட்டு, வெளியே ஒரு பெரிய கம்பெனியிடம் மின்னஞ்சலை ஒப்படைத்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார். அக்கா சரி சார் என்றாள்.

3

"நீ எழுதுறவன்தானே? இந்தக் கட்டத்தை நிரப்பிக் குடு, அப்பத்தான் பட்டியல்லேர்ந்து எடுப்பாங்க" என்றாள்.

அதே ஆபீஸில் கடிதம் எழுதுவதுதான் என் வேலை. வாங்கிக் கொடுத்தவளும் அக்காதான்.

வரைவு ஒன்று: "சர்வர் அறையில் ஒற்றைப் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்த அந்த மதியப்பொழுதில்"

இதற்கு மேல் அவள் படிக்கவில்லை. பட்டியல்காரர்களுக்கு விளக்கு எதற்கு என்று கேட்டாள்.

வரைவு இரண்டு: "எங்கள் கணக்கரின் கணினியில் வைரஸ் புகுந்து, அவருக்கே தெரியாமல்"

இங்கே பாத்திரம் ஒத்துழைக்கவில்லை. கணக்கர் தெரியாதவர்கள் அனுப்பும் அஞ்சலைத் திறக்க மாட்டார். தெரிந்தவர்கள் அனுப்புவதையும் திறக்க மாட்டார், போன் செய்து என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்வார். இப்படிப்பட்டவர் தலையில் வைரஸைக் கட்டினால் எந்த வாசகர் நம்புவார்? போதாக்குறைக்கு நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் என் மேசைப் பக்கம் வந்து, மாப்பிள்ளைக்கு இப்போது பரவாயில்லையா தம்பி என்று அக்கறையாக விசாரித்தார். கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல் திரையை மூடினேன்.

வரைவு மூன்று: "அடையாளம் தெரியாத ஒருவர் திங்கட்கிழமை மதியம்"

அக்கா இதை இரண்டு தடவை படித்தாள். "இது நடந்ததா?" என்று மட்டும் கேட்டாள்.

4

வாசகரே, அடையாளம் தெரியாத அந்த ஒருவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். மூன்று பகுதிகளாக அவன் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

என் முதல் சிறுகதைத் தொகுப்பு போன வாரம் வெளிவந்தது. உலகம் அமைதியாக இருந்தது. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸின் பழைய வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து, அதிலிருந்த ஆயிரத்து எண்ணூற்று அறுபது முகவரிக்கும் "என் நூல் வெளிவந்துவிட்டது" என்று ஒரே மூச்சில் அனுப்பினேன்.

(குறிப்பு: அந்தப் பட்டியலில் பாதிப் பேர் எப்போதோ வேலையை விட்டுப் போனவர்கள். இப்படி ஆளில்லாமல் போன முகவரிகள் சிலவற்றைப் பட்டியல்காரர்கள் பொறியாக வைத்திருப்பார்களாம். அங்கே கடிதம் வந்து விழுந்தால், அனுப்பியவன் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புகிறவன் என்று அர்த்தம். என் நூலுக்குக் கிடைத்த முதல் வாசகர்கள் பொறிகள்.)

மனிதரிடமிருந்து வந்த பதில் ஒன்றே ஒன்று: "லிஃப்ட் விஷயமாக இருந்தால் மட்டும் எழுதவும்."

5

வரைவு நான்கு, முழுமையாக:

"என் அக்காவின் சர்வர் வழியாக, கேட்காத 1,860 பேருக்கு என் புத்தகத்தைப் பற்றி எழுதினேன். யாராவது படிக்க மாட்டார்களா என்ற ஆசைதான் காரணம். பட்டியலை அழித்துவிட்டேன். இனி கேட்டவர்களுக்கு மட்டும் எழுதுவேன்."

அக்கா படித்துவிட்டுத் தன் திரையை என் பக்கம் திருப்பினாள். சர்வரின் பதிவேடு. திங்கட்கிழமை, ஒன்று பத்து, என் பயனர் பெயர். அதற்குக் கீழே ஆயிரத்து எண்ணூற்று அறுபது வரிகள். செவ்வாய்க்கிழமை காலையிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருக்கிறாள்.

அப்புறம் ஏன் என்னை எழுதச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நான் எழுதினா உன்னைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். நீ எழுதினா நீயே சொன்னது" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அவள் "அக்காவின் சர்வர்" என்பதை அடித்து "ஆபீஸ் சர்வர்" என்று மாற்றினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பழையபடியே ஆக்கினாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: இனி யாரும் ஒரு மணி நேரத்தில் ஐம்பதுக்கு மேல் அனுப்ப முடியாது. எனக்கு மட்டும் ஐந்தாம்.

நான் போய் முதலாளியிடமும் சொன்னேன். புத்தகம் எத்தனை பக்கம் என்று கேட்டார், அவ்வளவுதான். கெடு மட்டும் மாறவில்லை.

6

முடிவு அ: பட்டியல்காரர்கள் மன்னித்துவிட்டார்கள், சான்றிதழ்கள் பறந்தன, லிஃப்டுகள் ஏறின. இனிக்கிறது, ஆனால் அக்கா "இது நடந்ததா?" என்று கேட்பாள்.

முடிவு ஆ: வியாழக்கிழமை அக்கா ஏசி அறைக்குள் போய் மாப்பிள்ளையின் பொத்தான்மேல் கை வைத்து

எழுத மாட்டேன்.

இப்போது புதன்கிழமை, மாலை நான்கு மணி. படிவம் போய் மூன்று மணி நேரமாகிறது. அக்கா இன்னும் உட்காரவில்லை. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களா என்று பார்க்க ஓர் அஞ்சல் அனுப்பிப் பார்க்க வேண்டுமாம். யாருக்கு அனுப்பலாம் என்றாள். பத்திரிகை ஆசிரியர் ஒருவர் கதை கேட்டிருந்தார் என்றேன்.

"நிஜமாவே கேட்டாரா?"

அவர் எழுதியதைக் காட்டினேன். கதையை இந்த வரி வரைக்கும் படித்துவிட்டு, ஒரே ஒரு முகவரிதானே என்று இன்னொரு முறை எண்ணிப் பார்த்துக்கொண்டாள். அனுப்பப்போகிறாள்.

போய்ச் சேருமா என்று எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், ஆசிரியரைக் கேட்டு ஒன்றை மட்டும் எழுதிவிடுங்கள்: எந்தப் பெட்டியில் கிடந்தது, வரவுப் பெட்டியிலா, குப்பைப் பெட்டியிலா? அக்கா உட்கார வேண்டும்.