ஹக்தாத் கடை வாசலில் நின்ற கை

துப்பாக்கி வெடித்த அன்று ஜர்குனின் வலது கை மணிக்கட்டோடு அறுந்தது. ஆனால் கீழே விழவில்லை. துப்பாக்கி செய்து விற்கும் மலை ஊரான தர்ராவின் கடைவீதியில், ஹக்தாதின் துப்பாக்கிக் கடை வாசலில், தோள் உயரத்தில் அந்தரத்திலேயே நின்றுவிட்டது. ஜர்குனைக் கோஹாட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கை அங்கேயே இருந்தது.

அதுவரை ஒன்பது வருடங்களாக அவனுக்கு அந்தக் கடையில் ஒரே வேலைதான். செய்து முடித்த துப்பாக்கிகளை மலையைப் பார்த்துச் சுட்டு, தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். ஹக்தாதின் மலிவுக் கைத்துப்பாக்கிகளில் சீமை முத்திரை இருக்கும், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு இருக்கும். குழாய் மட்டும் வீடு கட்டும் கம்பியை உருக்கியது. தாங்காது என்று ஜர்குன் பலமுறை சொன்னான். "வாங்குறவன் என்ன தெனமுமா சுடப்போறான்? இடுப்புல சொருகிட்டு மீசைய முறுக்கத்தானே!" என்று ஹக்தாத் சிரித்தான். அப்படிப்பட்ட ஒன்றுதான் வெடித்தது.

ஹங்குவிலிருந்து வந்த ஒரு லாரிக்காரன் விளையாட்டாக ஹக்தாதின் துப்பாக்கி ஒன்றை அந்தரக் கையில் வைத்தான். விரல்கள் விரிந்து அதைக் கீழே போட்டன. பக்கத்துக் கடை ரைஃபிளை வைத்தான்; கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. கை கீழே போட்டவை ஒரு மாதத்துக்குள் தோட்டா சிக்கி நின்றன அல்லது வெடித்தன. பிடித்தவை ஒருபோதும் பொய்க்கவில்லை. ஆறு மாதத்தில் வஜீரிஸ்தானிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வரிசையில் நின்றார்கள். ஹக்தாத் கையைச் சுற்றிச் செங்கல் சுவர் எழுப்பினான். மறுநாள் காலையில் கை சுவருக்கு வெளியே இருந்தது. பிறகு அவன் புத்திசாலியானான். கை போட்டதை எல்லாம் 'கைவிட்டது' என்று தனியாக அடுக்கிப் பாதி விலைக்குக் கொடுத்தான். பகையாளி இருந்து பணம் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் நிறையப் பேர். அந்த அடுக்குதான் முதலில் காலியானது.

ஜர்குன் மைத்துனனின் ரொட்டி அடுப்பில் இடது கையால் வேலை செய்தான். கடைவீதிப் பக்கம் போவதே இல்லை. ஆனால் அங்கே யாராவது துப்பாக்கி வைத்தால் வெறும் மணிக்கட்டில் இங்கே குளிரும்.

மூன்றாம் வருடம், அண்ணனை 'லாலா' என்று கூப்பிடும் அவன் தம்பி மீரஜான் ஒரு கைத்துப்பாக்கியோடு வந்தான். வாய்க்கால் தண்ணீருக்காகச் சித்தப்பா மகன் தோர்மீரோடு அவனுக்குப் பகை முற்றியிருந்தது.

"அந்தக் கை கீழ போட்டதையா வாங்கிட்டு வந்திருக்க?"

"அது புடிக்கிறத வாங்கணும்னா எருமைய விக்கணும், லாலா. அப்புறம் புள்ளைக்கு என்னத்தக் குடுக்க? தோர்மீர் இதப் பாத்துப் பயந்தாப் போதும்."

"பாக்க நல்லாத்தான் இருக்கு. சுட்டா?"

"சுடவே வேண்டாம்னு வேண்டிக்க" என்று தம்பி சிரித்தான்.

அந்த வாரம் ஒரு நாள், மாவு உருட்டிக்கொண்டிருந்தபோது, ஜர்குனின் மணிக்கட்டில் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது. இத்தனை நேர்த்தியான எடையை அவன் உணர்ந்ததே இல்லை. "யாரோ நல்ல சாமானா வாங்குறான்யா" என்று மைத்துனனிடம் சந்தோஷமாகச் சொன்னான். வாங்கியவன் தோர்மீர். நான்காம் நாள் வாய்க்கால் கரையில் மீரஜானின் துப்பாக்கி இரண்டு முறை 'டிக்' என்றது. தோர்மீரின் ரைஃபிள் ஒரே முறை சுட்டது.

தம்பியின் குழியில் மண்ணள்ளிப் போட்டுவிட்டு ஜர்குன் நேரே கடைவீதிக்குப் போனான். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்போடு கை அப்படியே நின்றிருந்தது. வரிசையில் இருந்தவர்கள் விலகினார்கள்.

"அவன் தலையில எத்தன தடவ எண்ண தேச்சிருக்க நீ" என்றான் அதனிடம். "எவன் யாரச் சுட வாங்குறான்னு கேக்கத் தோணலையா உனக்கு?"

அடிக்கத்தான் இடது கையை ஓங்கினான், பாதியில் நின்றது. அந்த விரல்களைப் பிடித்தான். அவையும் அவனைப் பிடித்துக்கொண்டன. அவன் நடந்தபோது கூடவே வந்தன.

"அது கடைவீதிச் சொத்துய்யா!" என்று ஹக்தாத் கத்தினான். யாரும் தடுக்கவில்லை.

கை மணிக்கட்டோடு ஒட்டவில்லை. ஒரு சாண் தள்ளியே நின்று, சொன்ன வேலையைச் செய்தது. சட்டைக்கு வலது கை எவ்வளவு நீளம் வைப்பது என்பதில் மட்டும் அவன் மனைவிக்குக் கொஞ்ச நாள் குழப்பம் இருந்தது. கடைவீதியில் மறுபடி மலையைச் சுட்டுப் பார்த்தே வாங்கினார்கள். அந்தக் குளிர்காலத்தில் மூன்று பேருக்கு விரல் போனது. அவை எல்லாம் தரையில்தான் விழுந்தன.

ஜர்குன் இப்போது இரண்டு கையாலும் ரொட்டி தட்டுகிறான். மீரஜானின் மனைவி பல்வாஷா, மகளைத் தினமும் ரொட்டிக்கு அனுப்புகிறாள். "பெரியப்பா, எடது கை தட்டுனது மட்டும் குடுக்கச் சொன்னாங்க அம்மா" என்கிறது பிள்ளை. அவன் அதை மட்டும் எடுத்து, துணியில் சுற்றிக் கொடுக்கிறான். அதுவரை வலது கை ஒரு சாண் தள்ளி, மாவோடு காத்திருக்கிறது.