லேபிள்காரர் கொடுத்த பென் டிரைவ்

காலை பத்து மணி டீ வந்திருந்தது. நல்லூரில் தன் வீட்டு முன்னறையில் எட்டுத் தையல் மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கும் சனோபர், சைஸ் ஸ்டிக்கர் அச்சிட உள்ளறையில் கணினியைத் திறந்து வைத்திருந்தாள். டம்ளரை எடுக்க மவுஸிலிருந்து கையை எடுத்தாள். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது.

மேசை ஆடியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். அது நிதானமாக 'லேபர்' என்ற ஃபோல்டருக்குப் போய்த் திறந்தது. அவளிடம் தைக்கும் எட்டுப் பெண்களின் ஆதார், பாஸ்புக், போன் நம்பர் எல்லாம் அதில் படங்களாக இருந்தன. ஒவ்வொரு படமாகத் திறந்து மூடியது. யாரோ எங்கிருந்தோ தன் கணினியை இயக்குவது சனோபருக்குப் புரிந்தது. பிளக்கைப் பிடுங்கினாள்.

மெஷின் ரிப்பேருக்கு வந்திருந்த சகாயராஜை மட்டும் மெல்ல உள்ளே கூப்பிட்டாள். தூத்துக்குடிக்காரர், எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார்.

"புதுசா என்ன ஏத்துன, தங்கச்சி?"

"லேபிள் டிசைன் பண்றவரு பென் டிரைவ் குடுத்தாருங்க. டிசைனத் தொறக்கற சாப்ட்வேரும் அதுலயே இருந்துச்சு. இந்தத் தெருவுல எல்லா ஊட்டுலயும் அதானுங்ண்ணா."

"கிராக் பண்ணுன திருட்டு சாப்ட்வேரா?"

"ஆமாங்க. ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிட்டுப் போடச் சொன்னாருங்க."

"சரிதான். காவக்காரனத் தூங்கவச்சுட்டு கதவத் தொறந்து விட்ருக்க."

மதியம் சகாயராஜ் தன் பென் டிரைவுடன் திரும்பி வந்தார். சனோபர் ஓரடி பின்வாங்கினாள். "இன்னொரு பென் டிரைவுங்களா?"

"இது சாப்ட்வேரச் செஞ்சவங்களோட சைட்லேர்ந்தே எறக்குனது. ஃபைல யாரும் மாத்தலன்னு காட்ட அவங்க போட்டிருக்க சரிபார்ப்பு எண்ணும் ஒத்துப்போச்சு. விண்டோஸுக்குப் பதிலா ஓடுற லினக்ஸ், மூணு வகை இருக்கு. ஏத்தாமலே ஓட்டிப் பாக்கலாம்."

பிறகு அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. "ராம்ங்கிறது தையல் டேபிள் மாதிரி. ஒனக்கு ரெண்டு ஜிபிதான், சின்ன டேபிள். மூணுல மின்ட் பாக்க அழகு, ஆனா எடம் பத்தாம முக்கும். ஆன்டிஎக்ஸ் ரொம்ப லேசு, பழக நாளாகும். லுபுன்டு நடுவுல. எதுல ஒம் பிரிண்டர் ஓடுதோ அதான் ஒனக்கு."

லுபுன்டுவில் வைஃபை கிடைத்தது, ஸ்டிக்கரும் அச்சானது. பழைய டிஸ்க்கை முழுக்க அழித்துவிட்டு அதையே ஏற்றினார். "டிசைன இனி பிடிஎஃப்பா கேளு. இது இலவசம், ஆனா திருட்டு இல்ல. அப்டேட்டும் ஒழுங்கா வரும்."

"இனிப் பயமில்லீங்களா?"

"கம்ப்யூட்டருக்கு இல்ல. அந்தப் படமெல்லாம் போனது போனதுதான். தைக்கிற பிள்ளைககிட்டச் சொல்லிரு."

சனோபர் வாசலைப் பார்த்தாள். சொன்னால் நாளைக்கு ஒருத்தியும் வேலைக்கு வரமாட்டாள். ஒன்றும் நடக்காமலும் போகலாமே. "அப்பறமாச் சொல்றனுங்க" என்றாள்.

முன்னறையில் ஒரு மெஷின் நின்றது. அங்கே தைக்கும் மூக்கம்மாள் போனில் பேசும் குரல் கேட்டது. "ஆமா சார், அப்பா பேரு பெரியகருப்பன்தான். அக்கவுண்டும் அதேதான். ஓடிபி ஆறு நம்பர் வந்திருக்கு சார், சொல்லவா?"

சனோபர் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. போனைப் பிடுங்கி அணைத்தாள்.

"என்னக்கா, பேங்குக்காரரு பேசிட்டிருக்காரு..."

"பேங்க் இல்ல, கண்ணு." சனோபர் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னாள். அம்புக்குறி நகர்ந்தது முதல் ஒன்று விடாமல் சொன்னாள். சகாயராஜ் 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணை அழைத்துக்கொண்டிருந்தார்.

மூக்கம்மாள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேட்டாள்: "காலைலயே உங்களுக்குத் தெரியும். ஏன்க்கா சொல்லல?"

"நீங்கெல்லாம் போயிருவீங்கன்னு பயந்துட்டன், கண்ணு."

"ஓசின்னு ஏத்துனது நீங்க. பணத்தப் பறிகொடுக்க இருந்தது நான்."

சனோபர் தலைகுனிந்தாள். "நெசந்தான். அடுத்தவங்க காயிதத்த வாங்கி வெச்சா, அது இருக்கற எடம் பத்தரமா இருக்கோணும். தப்பு நடந்துபோச்சுன்னா, மொதல்ல அவங்ககிட்டத்தான் சொல்லோணும். நான் ரெண்டையும் பண்ணல."