முதலில் எங்களிடம் சொல்லுங்கள்

பேண்ட் கச்சேரி முடிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் லோரெய்னுக்கு அந்தப் பெயர் தெரியவந்தது. "எல்லிஸ் இன்னைக்குப் பிரமாதமா வாசிச்சான்" என்றாள் பள்ளி ஆசிரியை ஒருத்தி. யார் எல்லிஸ் என்று கேட்டதும் ஆசிரியையின் முகம் வெளுத்துப்போனது. லோரெய்னின் மகள் மார்னி, குளிர்காலத்திலிருந்தே பள்ளியில் எல்லிஸ் என்ற பையன். வகுப்புக்குத் தெரியும், வாத்தியார்களுக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வரும் கடிதங்களில் மட்டும் பழைய பெயரையே போட்டுப் பள்ளி சாமர்த்தியமாக நடந்துகொண்டிருக்கிறது.

அந்த வயிற்றெரிச்சலோடுதான் அவள் கொரீனிடம் போனாள். பள்ளிகள் பெற்றோரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று ஒரு குழு நடத்துபவள் கொரீன். இங்கிலாந்தின் தெற்குப் பகுதியிலிருந்து வந்தவள். குழுவின் பெயர், கோஷம் எல்லாமே 'முதலில் எங்களிடம் சொல்லுங்கள்' என்பதுதான். அவளுடைய சொந்தப் பிள்ளை அவளோடு பேசி வருஷக்கணக்காகிறது. லோரெய்னின் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து அழுத ஒரே ஆளும் அவள்தான்.

"உன் கதையை எழுதிக் குடு. பேரு வேண்டாம். படிக்கிறவங்க மனசு உருகணும், அவ்வளவுதான்" என்றாள்.

லோரெய்ன் பெயரை மாற்றினாள். வயது, ஊர், தலைமுடியின் நிறம் எல்லாவற்றையும் மாற்றினாள். பிள்ளை குளியலறைக் கண்ணாடியைத் துண்டால் மூடிவிட்டுத்தான் குளிக்கிறது என்று எழுதினாள். அழுகை வந்தால் இன்னமும் தன் படுக்கையில் வந்து சுருண்டுகொள்கிறது என்றும் எழுதினாள். நடுவில், டெனர் ஹார்ன் என்ற பித்தளை ஊதுவாத்தியம் வாசிக்கும் பிள்ளை என்று ஒரு வரி. யார்க்‌ஷரின் ஊருக்கொரு பேண்ட் உள்ள அந்தப் பள்ளத்தாக்கில் ஓர் ஆளைப் பற்றிச் சொல்ல வந்தால், பேண்டில் என்ன வாசிக்கிறார் என்பது தானாக வாயில் வந்துவிடும். அது ஓர் அடையாளம் என்றே அவளுக்கு உறைக்கவில்லை. கொரீனுக்கோ ஹார்னும் ஒன்றுதான், டிரம்மும் ஒன்றுதான்.

கொரீன் அதைத் துண்டுப் பிரசுரமாக அச்சடித்தாள். பள்ளி வாசலில் நின்று லோரெய்னே அதைக் கொடுத்தாள். பள்ளத்தாக்கில் டெனர் ஹார்ன் வாசிக்கும் பிள்ளை ஒன்றே ஒன்றுதான் என்பது பிள்ளைகளுக்கு முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிட்டது. மறுநாள் பள்ளிக் கழிப்பறைக் கண்ணாடிகள் எல்லாவற்றிலும் துண்டு தொங்கியது. பஸ்ஸில் எவனோ ஈரத் துண்டை எல்லிஸின் தலையில் போட்டு மூடி, "போடா, அம்மாகிட்டப் போய்ப் படுத்துக்கோ" என்றிருக்கிறான். பஸ்ஸே சிரித்திருக்கிறது.

பிள்ளை வீட்டுக்கு வந்து கத்தவில்லை. பையில் துணிகளை அடுக்கியது.

"ஸ்கூல் என்கிட்ட பொய் சொல்லுச்சு கண்ணு. அதுக்காகத்தான்..."

"உன்கிட்ட மட்டும்தாம்மா வந்து அழுதேன். அவங்க யாருக்கும் அது தெரியாது."

"பேரெல்லாம் மாத்திட்டுத்தானே எழுதினேன்!"

"ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

மாலையில் அப்பா வந்து பிள்ளையை ஹல் நகரத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். அவரும் லோரெய்னும் பிரிந்து வெகுகாலம். ஹார்ன் மட்டும் கூடத்தில் கிடந்தது.

லோரெய்ன் கொரீனுக்குப் போன் செய்து, எல்லாவற்றையும் திரும்ப வாங்கச் சொன்னாள்.

"ஐயோ, இன்டர்நெட்ல போயாச்சேம்மா. எங்கெங்கேயோ சுத்துது. நான் என்ன செய்வேன்?" கொரீன் நிஜமாகவே அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஸ்கூல் பண்ணின வேலைல பிள்ளை வீட்டைவிட்டே போயிடுச்சுன்னு ஒரு வரி சேர்த்துக்கட்டுமா?" என்று கேட்டாள். லோரெய்ன் போனை வைத்துவிட்டாள்.

விட் வெள்ளி என்ற பேண்ட் திருநாளன்று வழக்கம்போல் ஊர் ஊராகப் பேண்டுகள் தெருவில் அணிவகுத்தன. அவர்கள் ஊர் பேண்டும் வந்தது. டெனர் ஹார்னை வேறு பேண்டிலிருந்து இரவலாக வந்த ஆள் ஒருவர் வாசித்தார். வசந்தம் முழுக்க மாடியில் பிள்ளை பழகும்போது லோரெய்ன் கேட்ட அதே மெட்டு.

பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரி கைப்பையிலிருந்து கசங்கிய துண்டுப் பிரசுரம் ஒன்றை எடுத்தாள். "இந்த பேண்டுன்னுதான் சொன்னாங்க. இதுல அந்தப் பிள்ளை எதும்மா?"

"இதுல இல்ல. போயிடுச்சு."

"அடப் பாவமே! இத்தனையும் வெளியில சொன்ன அந்த அம்மா யாராம்?"

பேண்ட் தெருமுனை திரும்பியது.

"நான்தான்" என்றாள் லோரெய்ன்.