சோறு இறங்காத நாட்கள்

சுகிர்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. பசி இல்லாமல் இல்லை. தட்டில் போட்டுக்கொண்டு உட்காருவாள், முதல் வாய் போகும், அடுத்த வாய் தொண்டையில் போய் நின்றுவிடும். தண்ணீரைக் குடித்துத்தான் உள்ளே தள்ள வேண்டும். பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதத்தில் தொடங்கியது. மழைக்காலம் வருவதற்குள் கழுத்தெலும்பு தெரிய இளைத்துவிட்டாள். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக் கம்பெனியில் அவளுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கும் திலகவதிதான் முதலில் பயந்தவள். பெரிய வியாதி ஏதாவது இருந்துவிடப் போகிறது என்று, ஒரு விடுமுறை நாளில் கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். தொண்டையில் ஒன்றுமே இல்லை என்றார்கள். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் ட்ரெய்லர் ஓட்டும் அவள் கணவன் சாம்சன் அன்று ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று கர்த்தருக்கு நன்றி சொன்னான். அன்று இரவும் சோறு இறங்கவில்லை.

வீட்டில் ஏதாவது கவலையா என்று டாக்டர் கேட்டதற்கு இல்லை என்றுதான் சொல்லியிருந்தாள். அது பொய்யில்லை. உள்ளே தேடிப் பார்த்தால் அவளுக்கு எதுவும் கிடைக்காது. மனசு பாரமாக இருக்கிறது என்று மற்றவர்கள் சொன்னால், அது சும்மா ஒரு பேச்சு என்றே நினைத்திருந்தாள். அம்மா செத்தபோதுகூடத் தலைவலி வந்தது, மாத்திரை போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். சின்ன வயதில் அவள் அப்பா குடித்துவிட்டு வந்து யார் முகம் சுளிக்கிறது என்று பார்த்து அடிப்பவர். அழுத அண்ணனுக்கும் அடி, முறைத்த அக்காவுக்கும் அடி. சுகிர்தா முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பழகினாள். காட்டாமலே இருந்து இருந்து, என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாமல் போய்விட்டது. ஊரில் எல்லோரும் தங்கமான பெண் என்றார்கள்.

டாக்டர் அவளை மனநலப் பிரிவுக்கு எழுதிக்கொடுத்தார். சாம்சனுக்குப் பிடிக்கவில்லை. உனக்கென்ன பைத்தியமா, ஜெபம் பண்ணினால் சரியாகிவிடும் என்றான். திலகவதிதான் விடவில்லை.

அங்கே மனநல ஆலோசகராக இருந்த பூமிகா அவளைவிட வயதில் சின்னவள். முதல் நாள் மனதில் என்ன தோன்றுகிறது என்று கேட்டாள். "தெரியல மேடம்" என்றாள் சுகிர்தா. இரண்டாம் முறையும் அதே கேள்வி, அதே பதில். பரீட்சையில் தவறுகிறவள்போலத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவளிடம் பூமிகா பொறுமையாக விளக்கினாள். சிலருக்கு இப்படித்தான்; உணர்ச்சி வரும், ஆனால் அதற்குப் பேர் தெரியாது. பேர் தெரியாததால் அது உடம்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பைத்தியமும் இல்லை, நடிப்பும் இல்லை. அப்படியே விட்டால் தூக்கம் கெடும், வாழ்க்கையே வெறுத்துப்போகும், கவனித்தால் சரிசெய்யலாம். அதன்பின் பூமிகா மனதைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். தொண்டை எப்போது அடைக்கிறது, அப்போது எதிரில் யார், என்ன பேச்சு நடந்தது என்று மட்டும் பார்த்துவரச் சொன்னாள்.

சுகிர்தா பார்த்தாள். கேன்டீனில் சாப்பாடு ஓரளவு போனது. திலகவதி வீட்டுக் காலை நாஷ்டா முழுதாகவே போனது. ராத்திரி, சாம்சன் எதிரில் உட்கார்ந்து தாம்பரத்தில் இருக்கும் மகள் ஸ்நேகாவோடு போனில் பேசும்போதுதான் நின்றது.

பத்தாவது முடித்த ஸ்நேகாவைத் தாம்பரத்தில் தன் அக்கா வீட்டில் விட்டுப் படிக்கவைப்பது சாம்சனின் முடிவு. நல்ல பள்ளிக்கூடம். அக்காவோடு பேசி, இடம் வாங்கி, ஃபீஸ் கட்டிவிட்டு வந்துதான் சுகிர்தாவிடம் சொன்னான். சந்தோஷம்தானே என்று கேட்டான். அவளும் தலையாட்டிவிட்டு, மகளின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள்.

"அவர் அதைச் சொன்னப்போ உங்க உடம்புல என்ன ஆச்சுக்கா?" என்று கேட்டாள் பூமிகா.

அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். அப்போது காது சுட்டது. பல் கடித்துக்கொண்டது. "கையில டம்ளர் வச்சிக்கினு இருந்தேன். அதத் தூக்கி அடிக்கணும்போல இருந்துச்சு மேடம்."

அதற்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டாள் பூமிகா. கவலை என்று சொல்லிப் பார்த்தாள், பொருந்தவில்லை. ஏக்கம் என்று சொல்லிப் பார்த்தாள், அதுவும் கொஞ்சம்தான். கடைசியில் அனுமதி கேட்பதுபோல, "கோவமா மேடம்?" என்றாள்.

"நீங்கதான்க்கா சொல்லணும்."

"கோவந்தான்" என்றாள். சொன்னதும் கண்ணில் நீர் கொட்டியது. கோபத்துக்கு ஏன் அழுகை வருகிறது என்று அவள் நிஜமாகவே கேட்க, இரண்டும் சேர்ந்தே வரும் என்று பூமிகா சொன்னாள்.

அதைச் சாம்சனிடம் சொல்லத் துணிவதற்குப் பல வாரம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, அவன் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தான். சுகிர்தா போய் நின்றாள்.

"மாமா, எனக்கு உன் மேல கோவம்."

அவன் சிரித்தான்.

"சிரிக்காத, நான் இன்னும் சொல்லி முடிக்கல. ஸ்நேகாவ அனுப்பறத உங்க அக்காவக் கேட்ட. ஸ்கூலக் கேட்ட. பெத்தவ நானு, என்னக் கேக்கவே இல்ல."

"நீதான தலையாட்டின?"

"ஆட்டினேன். அப்ப எனக்கே தெரியல."

சாம்சன் கை ஓங்குகிற ஆள் இல்லை. பதினேழு வருஷத்தில் ஒருநாளும் ஓங்கியதில்லை. ஆனாலும் அவள் உடம்பு ஓர் அடிக்குக் காத்திருந்தது. அவன் முகம் சுருங்கிப்போய், கையைக் கழுவிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நெஞ்சு படபடக்க வாசற்படியில் உட்கார்ந்தாள். இது என்ன என்று தேடினாள். பயம், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாரும் கேட்காமல் அவளாகக் கண்டுபிடித்த முதல் பேர் அது. பேர் தெரிந்ததும் அதோடு உட்கார்ந்திருக்க முடிந்தது. எழுந்து போய் மீதி மீனைக் கழுவிக் குழம்பு வைத்தாள்.

சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டு வந்தான் சாம்சன். துண்டை வாங்கித் தலையைத் துவட்டியபடி, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "நல்லது பண்றேன்னுதான் நெனச்சேன். புள்ள போனதுலேர்ந்து எனக்கும் ஊட்ல இருப்பு கொள்ளல. உன்கிட்ட சொல்லலாம்னா, நீ இன்னா சொன்னாலும் சரின்னுட்டுப் போய்க்கினே இருப்ப. உனக்கு ஒண்ணுமே தோணாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"நானும் அப்டித்தான் நெனச்சேன் மாமா" என்றாள் சுகிர்தா.

இந்த வருஷம் அங்கேயே படிக்கட்டும், மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வரட்டும், அடுத்த வருஷத்தை மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு பண்ணலாம் என்று பேசிக்கொண்டார்கள். எல்லாம் ஒரேநாளில் சரியாகிவிடவில்லை. சில இரவுகளில் தொண்டை பிடித்தது. பூமிகாவிடம் போவதை அவள் நிறுத்தவில்லை. ஒருமுறை சாம்சனே பைக்கில் கொண்டுபோய் விட்டு, வெளியே பெஞ்சில் காத்திருந்தான்.

ஒரு சனிக்கிழமை ஸ்நேகா வந்தாள். தாம்பரத்துக் கதைகளை மூச்சுவிடாமல் சொன்னாள். அத்தை தலைவாரி விடுகிறாளாம், மொட்டைமாடியில் கூடவே உட்கார்ந்து படிக்கவைக்கிறாளாம். "எனக்கு அங்க ரொம்பப் புடிச்சிருக்கும்மா" என்றாள்.

சுகிர்தாவுக்கு உள்ளே ஒன்று விரிந்தது, கூடவே இன்னொன்று கிள்ளியது. இரண்டையும் நிதானமாகப் பார்த்தாள்.

"சந்தோஷமா இருக்கு" என்றாள். பிறகு, "கொஞ்சம் பொறாமையாவும் இருக்கு."

"யார் மேலம்மா?"

"உங்க அத்த மேலதான்."

ஸ்நேகா அம்மாவை வியப்போடு பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே நகர்ந்து வந்து, சீப்பை எடுத்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.